தபசு காலமும் சுத்த போசனமும்

(அரூரில் நடைபெற்ற பொதுக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்றையக் கூட்டத்தில் கிறிஸ்தவர்களின் உபவாசத்தைப் பற்றிப் பேசப்போகிறோம் என்று தெரிந்தவுடன், "பரவாயில்லையே, இவர்கள் இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தையும் தொடுவார்கள் போலிருக்கிறதே" என்று நண்பர்கள் சிலர் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்களாம். அவர்களுடைய திருப்திக்காக நாம் இங்கு வரவில்லை. ஒரு மனிதன் தன் வீட்டுக்குள் யாரைக் கும்பிட்டுக்கொண்டாலும் நமக்கு அதில் அவ்வளவு அக்கறை கிடையாது. ஆனால் மதமானது மனிதனுடைய சோற்றுத் தட்டில் கையை வைத்து, "இது சுத்தம், அது அசுத்தம்" என்று பிரிக்க ஆரம்பித்தால், அந்தக் கை பூணூல் போட்ட கையானாலும் சரி, சிலுவை பிடித்த கையானாலும் சரி, அதைப் பிடித்து நிறுத்திக் கேள்வி கேட்காமல் இருக்க முடியாது.

இக்கூட்டத்தில் உள்ள பெரும்பாலோருக்குக் கத்தோலிக்கர்களின் வழக்கம் தெரிந்திருக்காதாகையால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம். சாம்பல் புதன், அதாவது விபூதிப் புதன் என்று ஒரு நாள். அன்று கோவிலுக்குப் போனால் பாதிரியார் நெற்றியில் சாம்பல் பூசுவார். அன்று தொடங்கி ஈஸ்டர் என்னும் உயிர்த்த ஞாயிறு வரையில் உள்ள காலத்துக்குத் தபசு காலம் என்று பெயர். இப்போது தவக்காலம் என்கிறார்கள். கணக்குப் பார்த்தால் 46 நாள் வரும். ஞாயிற்றுக்கிழமைகளைத் தள்ளிவிட்டு 40 நாள் என்று சொல்லுவார்கள். இதில் இரண்டு விதமான விரதம் உண்டு. ஒன்று ஒருசந்தி. அதாவது ஒரு நாளைக்கு ஒரு முழுச் சாப்பாடு. மற்றொன்று மாமிசம் தின்னாமல் இருப்பது. இன்றைக்கு அமுலில் உள்ள 1983ஆம் வருஷத்துச் சபைச் சட்டப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாட்கள். 18 வயது ஆனவர்கள் 59 வயது முடியும் வரையில் அதை அனுசரிக்க வேண்டும். மாமிச விலக்கு வெள்ளிக்கிழமைகளுக்கு. அது 14 வயதிலிருந்து.

இவ்வளவுதானே, வருஷத்தில் சில நாள் கறி தின்னாமல் இருந்தால் குடியா முழுகிப்போகும் என்று கேட்கலாம். குடி முழுகாது. நாம் கேட்பதெல்லாம், இது யார் போட்ட உத்தரவு என்பதுதான்.

கடவுள் போட்டது என்றால் அவர்களுடைய வேதத்தில் இருக்க வேண்டுமல்லவா? வேதத்தில் ஏசு 40 நாள் வனாந்தரத்தில் சாப்பிடாமல் இருந்ததாகக் கதை இருக்கிறது. நீங்களும் 40 நாள் கறியை விட்டுவிட்டு மீன் சாப்பிடுங்கள் என்று அவர் சொன்னதாக எங்கும் இல்லை. அதற்கு நேர் விரோதமாக, வெளியிலிருந்து வாய்க்குள் போவது மனிதனைத் தீட்டுப்படுத்தாது, உள்ளேயிருந்து வெளியே வருவதுதான் தீட்டுப்படுத்தும் என்ற கருத்து மாற்கு 7ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கறிக்கடையில் விற்பதை எதுவும் கேட்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள் என்கிற கருத்துப்படப் பவுல் என்பவரே கொரிந்து நகரத்தாருக்கு எழுதியிருக்கிறார். ஆகவே இது பிற்காலத்தில் சபையின் அதிகாரிகள் போட்ட சட்டம். அதை அவர்களும் மறுப்பதில்லை. சபையின் கட்டளை என்றே சொல்லுகிறார்கள்.

மனிதன் போட்ட சட்டம் எப்படியெல்லாம் வளைந்து கொடுக்கும் என்பதற்கு ஐரோப்பாவின் சரித்திரத்தில் நல்ல வேடிக்கைகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் தபசு காலத்தில் கறி மாத்திரமல்ல, முட்டை, பால், வெண்ணெய் எல்லாம் கூடாது. எண்ணெய் விளைகிற தெற்கு நாட்டானுக்கு இதில் கஷ்டம் இல்லை. வடக்கே குளிர் நாட்டில் இருப்பவன் வெண்ணெய் இல்லாமல் எதைத் தின்பான்? அதற்கும் சபை வழி கண்டுபிடித்தது. பணம் கட்டினால் வெண்ணெய் சாப்பிட அனுமதிச் சீட்டு! பிரான்சு தேசத்தில் ரூவான் என்னும் நகரத்துப் பெரிய கோவிலில் ஒரு கோபுரம் இருக்கிறது. 1507இல் கட்டி முடிந்தது. அதற்கு இன்றைக்கும் பெயர் வெண்ணெய்க் கோபுரம். தபசு காலத்தில் வெண்ணெய் தின்ன ஜனங்கள் கட்டிய பணத்தில் எழும்பியது என்பதனால் வந்த பெயர். ஸ்பெயின் தேசத்திலோ, காசு கொடுத்து ஒரு பத்திரம் வாங்கி வைத்துக்கொண்டால் விலக்கப்பட்ட நாளில் கறி தின்னலாம் என்ற ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டு வரையில் நடந்தது. காசு வாங்கிக்கொண்டு தோஷ நிவர்த்தி செய்யும் நம்மூர்ப் புரோகிதருக்கும் இதற்கும் பாஷைதான் வித்தியாசம்.

இதை எதிர்த்து முதலில் கலகம் செய்தவர்களில் பாட்டாளிகள் இருந்தார்கள் என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். 1522ஆம் வருஷம் சுவிட்சர்லாந்தில் சூரிக் நகரத்தில் பிரோஷவர் என்னும் அச்சாபீஸ்காரர் வீட்டில், தபசு காலத்தில் சிலர் கூடிக் கறிப் பண்டம் தின்றார்கள். நகர சபை விசாரணை வைத்தது. அச்சாபீஸ்காரர் சொன்ன சமாதானம் என்ன தெரியுமா? புஸ்தகச் சந்தைக்கு இராப்பகலாக வேலை நடக்கிறது, வேலையாட்கள் வெறும் கூழைக் குடித்துவிட்டு இந்த வேலை செய்ய முடியாது, எந்நேரமும் மீன் வாங்கிப் போடவும் நமக்குச் சக்தியில்லை என்பதுதான். அந்த விருந்தில் கூட இருந்து தாம் மட்டும் தின்னாத சுவிங்ளி என்னும் பாதிரியார், பிறகு அவர்கள் பக்கம் பேசினார். அந்த நகரத்தில் போப்பின் அதிகாரம் சரிய ஆரம்பித்தது அந்தத் தட்டிலிருந்துதான்.

நிற்க, மிக முக்கியமான சங்கதிக்கு வருவோம். 1917ஆம் வருஷத்துச் சபைச் சட்டத்தின்படி வருஷம் முழுவதும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கறி விலக்கு. 7 வயதுக் குழந்தைக்கும் விலக்கு. தெரிந்தே மீறினால் அது சாவான பாவம், பாவசங்கீர்த்தனம் செய்யாமல் செத்தால் நரகம் என்று ஞான உபதேசத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு 1966 பிப்ரவரியில் ஆறாவது சின்னப்பர் என்கிற போப் ஒரு புதிய உத்தரவு போட்டார். அந்தந்த தேசத்து மேற்றிராணிமார்கள் கறி விலக்குக்குப் பதில் வேறு தபசு வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இடம் கொடுக்கப்பட்டது. 7 வயது 14 வயதாயிற்று. அதே வருஷம் நவம்பர் 18இல் அமெரிக்க மேற்றிராணிமார்கள் கூடி, தபசு காலம் தவிர மற்ற வெள்ளிக்கிழமைகளில் கறி தின்னக்கூடாது என்ற கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். இங்கிலாந்தில் 1980களில் தளர்த்தினார்கள். தளர்த்தினதை மறுபடி 2011 செப்டம்பர் 16இல் கட்டாயமாக்கினார்கள்.

தோழர்களே! சற்று யோசித்துப் பாருங்கள். 1965இல் அமெரிக்காவில் வெள்ளிக்கிழமை ஒரு துண்டு கறி தின்றுவிட்டு அன்றிரவே செத்துப்போனவன் கதி என்ன? 1967இல் அதே கறியை அதே கிழமையில் தின்றவனுக்கு ஒன்றும் இல்லை. நரகத்துக்குப் போனவனை வெளியே விட்டார்களா? இங்கிலாந்துக்காரனுக்குப் போன பாவம் 2011இல் தேதி குறித்துக்கொண்டு எப்படித் திரும்பி வந்தது? இதைக் கேட்டால், பாவம் கறியில் இல்லை, கீழ்ப்படியாமையில் இருக்கிறது என்று படித்த பாதிரியார்கள் சமாதானம் சொல்லுகிறார்கள். அதைத்தான் நாமும் சொல்லுகிறோம்! விஷயம் கறியல்ல, கீழ்ப்படிதல். ஜனங்களுடைய வயிற்றைப் பழக்கிவிட்டால் மூளை தானாகப் பழகிவிடும் என்பது எல்லா மதத்தாருக்கும் தெரிந்த வித்தைதான்.

மீன் மாமிசம் அல்ல என்பது சட்டம். சரி, எது மீன்? அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து மேற்றிராணியார், முதலையும் மீன் வகையில்தான் சேரும், தபசு காலத்தில் தின்னலாம் என்று 2010இல் எழுத்து மூலமாக உத்தரவு கொடுத்தார். வெனிசுலா தேசத்தில் கப்பிபாரா என்று ஒரு பிராணி. எலி ஜாதி, ஆனால் பன்றி அளவு இருக்கும், தண்ணீரில் நீந்தும். நீந்துகிறபடியால் அதுவும் மீன் என்று தபசு காலத்தில் சமைக்கிறார்கள். நான்கு கால், உடம்பெல்லாம் ரோமம், குட்டிக்குப் பால் கொடுக்கிறது, ஆனால் மீன்! முதலையும் பெருச்சாளியும் மீன் ஆகலாம், கோழி ஆகாது. 2017இல் அயர்லாந்துக்காரர்களின் பண்டிகையான பாட்ரிக் திருநாள் தபசு காலத்து வெள்ளிக்கிழமையில் வந்துவிட்டது. அன்றைக்குக் கறி இல்லாமல் விருந்து எப்படி என்று, அமெரிக்காவில் அநேக மேற்றிராணிமார்கள் அந்த ஒரு நாளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். பக்கத்து மேற்றிராசனத்தில் கொடுக்கவில்லை. ஆகவே ரோட்டுக்கு இந்தப் பக்கம் தின்றால் பண்டிகை, அந்தப் பக்கம் தின்றால் பாவம்.

வியாபாரிகளும் சும்மா இருக்கவில்லை. 1962இல் சின்சினாட்டி நகரத்தில் மெக்டொனால்டு கடை வைத்திருந்த ஒருவர், கத்தோலிக்கர் மிகுந்த அந்த வட்டாரத்தில் வெள்ளிக்கிழமை வியாபாரம் படுத்துவிடுவதைப் பார்த்து, ரொட்டிக்குள் மீனை வைத்து விற்க ஆரம்பித்தார். அது இன்றைக்கு உலகமெல்லாம் விற்கிறது. தபசினால் யாருக்கு மோட்சம் கிடைத்ததோ தெரியாது, இவருக்கு வியாபாரம் கிடைத்தது.

சிரித்தீர்கள், சரி. இப்போது நம் ஊருக்கு வருவோம். அரூர் கடலோரம் அல்ல. இங்கே வஞ்சிர மீன் ஐஸ் பெட்டியில் வந்து இறங்குகிறது. அதன் விலை என்ன, மாட்டுக் கறியின் விலை என்ன என்பது தாய்மார்களுக்கு நம்மைவிட நன்றாய்த் தெரியும். வசதியுள்ள கிறிஸ்தவர் வெள்ளிக்கிழமை வஞ்சிரம் வறுத்து, இறால் குழம்பு வைத்து, வயிறாரச் சாப்பிட்டுவிட்டுச் சபைச் சட்டத்தை ஒரு எழுத்துக்கூட மீறாத புண்ணியவானாக ஏப்பம் விடலாம். மரவள்ளிக் கிழங்கு பிடுங்கக் கூலிக்குப் போய்விட்டு வந்தவர், விலை குறைந்த மாட்டுக் கறியில் கால் கிலோ வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அவர் சட்டத்தை மீறினவர். கருவாடு இருக்கிறதே என்று யாராவது சொல்லலாம். ஆம், ஏழைக்குக் கருவாட்டு மோட்சம் இருக்கிறது! கஷ்டப்பட்டு உழைக்கிறவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒருசந்தியிலிருந்து விலக்கு உண்டு என்று அவர்களுடைய சாஸ்திரத்திலேயே இருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் நம் நாட்டுக் கூலிக்காரி தனக்கு விலக்கு உண்டென்று தெரிந்துகொண்டு, சரி என்று உட்கார்ந்து சாப்பிடுவாளா? வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து அவள்தான் விரதம் இருப்பாள். அது எந்த மதத்திலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 53 பேர் இரத்த சோகை உள்ளவர்கள் என்று 2019-21ஆம் வருஷத்துச் சர்க்கார் குடும்ப நலக் கணக்கு சொல்லுகிறது. இந்தப் பெண்களைப் பார்த்தா இரத்தம் ஊறுகிற ஆகாரத்தைத் தியாகம் செய் என்று உபதேசிப்பது?

இனி, நமக்கு மிகவும் உறுத்துகிற சங்கதி ஒன்று இருக்கிறது. இந்த மாமிச விலக்குக்குத் தமிழில் கத்தோலிக்கர்கள் வைத்த பெயர் என்ன? சுத்த போசனம்! பழைய ஜெபப் புஸ்தகங்களில் ஒருசந்தி, சுத்த போசனம் என்றுதான் இருக்கும். வயதானவர்கள் இன்றும் அப்படியே சொல்லுவார்கள். லத்தீன் பாஷையில் அதற்கு இருக்கிற வார்த்தைக்கு விலகியிருத்தல் என்றுதான் பொருள். தமிழுக்கு வந்தவுடன் அது "சுத்தம்" ஆகிவிட்டது. அப்படியானால் மற்ற 6 நாளும் சாப்பிட்டது என்ன போசனம்? அசுத்த போசனமா? அசுத்தத்தைத் தின்றவன் யார்? அவன் குடியிருக்கும் தெரு எது? பார்த்தீர்களா, ஒரே ஒரு வார்த்தைக்குள் மனுதர்மம் முழுதும் வந்து உட்கார்ந்துகொண்டது.

இது தற்செயலாய் வந்ததல்ல. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலியப் பாதிரியார் என்ன செய்தார்? அதற்கு முன் இங்கே கிறிஸ்தவன் என்றால் பறங்கி, பறங்கி என்றால் மாடு தின்று மது குடிக்கிறவன் என்று மேல்ஜாதியார் ஒதுக்கினார்கள். அந்த எண்ணம் தப்பு, ஆகாரத்தினால் மனிதன் தாழ்ந்தவன் ஆவதில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காவி கட்டினார், தத்துவபோதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார், கறி, மீன், முட்டையை விட்டார், பிராமணச் சமையற்காரரை வைத்து ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு சாப்பிட்டார். பெரிய படிப்பாளி, தமிழுக்கு வசனத்தில் தொண்டு செய்தவர் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஜாதியோடு சமாதானம் செய்துகொண்டு வந்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் வைத்துக்கொள்ளலாம் என்று 1623இல் ரோமாபுரிப் போப்பும் உத்தரவு கொடுத்துவிட்டார். அதே வருஷத்தில் அவர் சேந்தமங்கலம், சேலம் வரையில் நம்முடைய இந்தச் சீமைக்கே வந்து போயிருக்கிறார். பிராமண சந்நியாசியாக இருக்கிற பாதிரியார் சேரிக்குப் போனால் தீட்டுப் பட்டுவிடுமே! ஆகவே 1640இலிருந்து தாழ்த்தப்பட்டவர்களுக்கென்று பண்டார சாமிகள் என வேறு வகைப் பாதிரிமார்களை ஏற்படுத்தினார்கள். கடவுள் ஒன்று, பாதிரி இரண்டு!

அந்த விதை எங்கே போய் முளைத்தது? திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் கோவிலுக்குள் ஜாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துச் சுவர் வைத்திருந்தார்கள். அது 1910இல்தான் இடிபட்டது. பழங்கதை என்று நினைக்காதீர்கள். இங்கிருந்து வெகு தூரமில்லாத எறையூர், இப்போது கள்ளக்குறிச்சி ஜில்லா. அங்கே ஆதித்திராவிடக் கத்தோலிக்கர்கள், ஒரே கோவிலில் தங்களுக்கு மரியாதை இல்லாததால் தனிப் பங்கு வேண்டுமென்று கேட்டார்கள். அதன் பேரில் 2008 மார்ச் 9ஆம் தேதி மேல்ஜாதிக் கத்தோலிக்கர்கள் அவர்களைத் தாக்க, கலவரம் முற்றிப் போலீசார் சுட்டதில் 2 பேர் செத்தார்கள். அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 23. ஆகவே கலவரம் நடந்த நாள் தபசு காலத்துக்குள் வருகிறது! நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, வெள்ளிக்கிழமை கறியை விலக்கிச் சுத்த போசனம் செய்த ஊரில்தான் ஞாயிற்றுக்கிழமை இது நடந்தது. கறியை விட முடிந்தது, ஜாதியை விட முடியவில்லை. இந்தியாவிலுள்ள 1 கோடியே 90 லட்சம் கத்தோலிக்கரில் 1 கோடியே 20 லட்சம் பேர் தாழ்த்தப்பட்டவர்கள் என்று 2016இல் மேற்றிராணிமார்களே அறிக்கை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதையும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டதற்கு நாம் பாராட்டுகிறோம். வெள்ளிக்கிழமைக் கறிக்கு நரகத்தைக் காட்டின சபை, ஜாதி பார்க்கிறவனுக்கு அதே நரகத்தை ஏன் காட்டக்கூடாது? ஜாதி பார்த்துத் தனிச் சுடுகாடு கேட்கிறவனுக்கு நற்கருணை கிடையாது என்று 40 நாள், வேண்டாம், ஒரு வெள்ளிக்கிழமை சொல்லிப் பார்க்கட்டுமே! ஏசாயா என்பவர் பேரால் அவர்களுடைய பழைய ஏற்பாட்டில் உள்ள புஸ்தகத்தில் 58ஆம் அதிகாரத்தில், ஒடுக்கப்பட்டவனை விடுதலை செய்வதும் பசித்தவனுக்குப் பங்கிடுவதும்தான் உபவாசம் என்ற கருத்து இருக்கிறது. அந்த அதிகாரத்தையும் தபசு காலத்தில்தான் கோவிலில் வாசிக்கிறார்கள்.

இந்துத் தோழர்கள் இதுவரை மிகவும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். தயவுசெய்து கொஞ்சம் உங்கள் முதுகையும் பார்த்துக்கொள்ளுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை வந்தால் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறீர்கள். அமாவாசை, கார்த்திகை, ஏகாதசி என்று உங்கள் வெள்ளிக்கிழமைகள் எண்ணிக்கையில் அவர்களைவிட ஜாஸ்தி. போப் ஒரு கடுதாசி போட்டு 1966இல் சிலதைக் குறைத்தார். உங்களுக்குக் குறைக்கவும் ஆள் இல்லை. மரக்கறிச் சாப்பாட்டுக்குச் "சுத்த சைவம்" என்று போர்டு போட்ட ஓட்டலில் அந்தச் "சுத்தம்" யாரைப் பார்த்து எழுதப்பட்டிருக்கிறது? நகரங்களில் வாடகை வீடு கேட்டுப் போனால், கறி சாப்பிடுவீர்களா என்று கேட்கிறானே, அவன் உங்கள் சட்டியையா விசாரிக்கிறான்? ஜாதியைத்தான் விசாரிக்கிறான். மத்தியப் பிரதேசத்தில் 2015இல் அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு முட்டை கொடுக்கலாம் என்று யோசனை வந்தபோது முதல் மந்திரி கூடாது என்று நிறுத்திவிட்டார். இளைத்துக் கிடக்கிற பழங்குடிக் குழந்தைகள் நிறைந்த மாகாணம் அது! நம் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டில் முட்டை கிடைக்கிறது. அதை யாராவது சுத்தத்தின் பேரால் பிடுங்க வந்தால் தாய்மார்கள் விளக்குமாற்றோடு நிற்க வேண்டும்.

உபவாசம் உடம்புக்கு நல்லதல்லவா என்று ஒரு பெரியவர் முன்வரிசையிலிருந்து கேட்கிறார். ஐயா, அஜீரணம் உள்ளவர் ஒரு வேளை பட்டினி கிடந்தால் நல்லதுதான். அதை வைத்தியர் சொல்லட்டும், உங்கள் உடம்பைப் பார்த்துச் சொல்லட்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே நாளில் சொல்லுகிறவர் வைத்தியர் அல்ல. மிச்சம் பிடித்த பணத்தை ஏழைக்குக் கொடுக்கிறார்களே என்றும் கேட்கிறார். கொடுக்கட்டும், சந்தோஷம். ஆனால் வஞ்சிரம் வாங்கினவருக்கு மிச்சம் ஏது?

தலைவர் அவர்களிடம் ஒரு தோழர் சீட்டு அனுப்பியிருக்கிறார். மகாவீரர் ஜெயந்திக்கும் வள்ளலார் நினைவு நாளுக்கும் சர்க்கார் கறிக்கடைகளை மூடச் சொல்லுகிறதே, கிறிஸ்தவர்களுக்குச் சமத்துவமாகப் பெரிய வெள்ளிக்கும் மூடச் சொன்னால் என்ன என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. நாம் சொல்வது, அந்த இரண்டு நாளும் கடையைத் திறந்துவிட்டால் சமத்துவம் வந்துவிடும் என்பதுதான். விரதம் இருக்க இஷ்டமுள்ளவர் தாராளமாய் இருக்கட்டும். அவர் கோவில் வாசலில் போய்க் கறி தின்று காட்டுங்கள் என்று நாம் யாருக்கும் சொல்லவில்லை, அது அற்பத்தனம். அதே மாதிரி, அவர் விரதத்துக்காகக் கறிக்கடைக்காரன் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை, நம் வீட்டுப் பெண்கள் சட்டியை முந்தானைக்குள் மறைத்து எடுத்துப்போக வேண்டியதும் இல்லை. இன்னும் 4 சீட்டுகள் இருப்பதாகத் தலைவர் சொல்லுகிறார். அவற்றை வாசிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.